ஒரு வளவு, இரண்டு குடிவழிகள்

ஜோன் பொஸ்ரர் டலஸின் தந்தைவழிப் பாட்டி உடுவிலில் பிறந்தவர். 1953 முதல் 1959 வரை ஐக்கிய அமெரிக்காவின் இராஜாங்கச் செயலாளராக இருந்து, உலக நாடுகளை எங்கள் பக்கம், எதிரிப் பக்கம் என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்த அந்த டலஸ்தான். அவருடைய தம்பி அலன் டலஸ் அதே ஆண்டுகளில் சீ.ஐ.ஏ.யின் தலைவர். தங்கை எலினர் டலஸ் பொருளியல் அறிஞர். ராஜதந்திரப் பணியில் இருந்தவர். பொஸ்ரர் டலஸின் மகன் ஏவரி டலஸ் கத்தோலிக்கராக மாறி, இயேசு சபையில் சேர்ந்து, 2001இல் கர்தினாலாக உயர்ந்தவர். இத்தனை பேரும் ஒரு வேரில் கிளைத்தவர்கள். அந்த வேர் 1829 ஏப்ரலில் உடுவில் மிஷன் வீட்டில் பிறந்த ஹரியற் என்ற பெண்குழந்தை. அவளைப் பெற்ற தாயின் பெயரும் ஹரியற்றுத்தான்: ஹரியற் வாட்ஸ்வேர்த் லாத்ரொப் வின்ஸ்லோ. டலஸ் சகோதரர்களுக்குப் பூட்டி. இன்றைய உடுவில் மகளிர் கல்லூரிக்கு நிறுவனர்.

தாய் ஹரியற்றின் வாழ்க்கையை இரண்டு வகையாக எழுதுவார்கள். அமெரிக்காவில் எழுதுவோர் அவரை டலஸ் குடும்ப மரத்தின் அடிப்பகுதியில் ஒரு பெயராகக் குறித்துவிட்டு மேலே போய்விடுவார்கள். யாழ்ப்பாணத்தில் எழுதுவோர் அவரைப் பள்ளியின் முதற்பக்கத்தில் ஒரு படமாக வைத்துவிட்டு அடுத்த அதிபருக்குப் போய்விடுவார்கள். முன்னதில் பள்ளி இல்லை; பின்னதில் பிள்ளைகள் இல்லை. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்த்தால் வேறொரு கதை தெரிகிறது. பிறர் பெண்பிள்ளைகளைத் தன்னிடம் ஒப்படைக்கும்படி ஊர்த் தாய்மாரைக் கேட்ட ஒருத்தி, தன் பிள்ளையைக் கடல்தாண்டி வேற்றார் கையில் ஒப்படைத்தாள். இரண்டும் ஒரே வளவில், ஒரே பத்தாண்டுக்குள் நடந்தவை. அமெரிக்கன் மிஷனின் வரலாறு பாடசாலை, அச்சகம், ஆஸ்பத்திரி என்று நிறுவனங்களின் வரலாறாகவே பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கிறது. உடுவிலைப் பொறுத்தவரை அதைக் குடும்ப வரலாறாக எழுதுவதே பொருத்தம் என்பது என் எண்ணம்.

ஹரியற் பிறந்தது 1796 ஏப்ரல் 9, கனெற்றிக்கட் மாநிலத்தின் நோர்விச் நகரில். தந்தை சார்ல்ஸ் லாத்ரொப். தாய் ஜொவானா, லெபிங்வெல் குடும்பத்தவர். இரண்டும் அந்த ஊரை 17ஆம் நூற்றாண்டில் நிறுவிய குடும்பங்கள். லாத்ரொப் குடும்பத்தின் முதல்வர் ஜோன் லோத்ரொப் இங்கிலாந்தின் அரச திருச்சபையோடு முரண்பட்டுச் சிறையிருந்து 1634இல் அமெரிக்கா போன போதகர். நம் ஊரில் ‘இன்னார் வழி’ என்று சொல்லி நிமிர்ந்து நிற்பதுபோல, நியூ இங்கிலாந்திலும் இப்படியான வழி சொல்லும் பெருமை இருந்தது. சாதி இல்லாத நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று மிஷனரிமாரை எழுதிவிடுகிறோம். குலப்பெருமையில் அவர்கள் யாழ்ப்பாணத்து வெள்ளாளருக்குக் குறைந்தவர்கள் அல்லர்.

இருபது வயதாகுமுன்பே ஹரியற் ஊரில் ஏழைப் பிள்ளைகளுக்காக ஞாயிறு பாடசாலை தொடங்கினார். அக்காலத்தில் அதுவே புதுமை. பெரியவர்கள் சிலர் ஓய்வுநாளை மீறும் செயல் என்று முகம் சுளித்தார்கள். பிடிவாதக்காரி என்பது அப்போதே தெரிகிறது.

அவர் இளமையில் நியூ இங்கிலாந்தின் படித்த பெண்களிடையே கைமாறி வந்த ஒரு நூல் உண்டு: ஹரியற் நியூவெல் என்ற பெண்ணின் வாழ்க்கை. கீழ்த்திசைக்கு மிஷனரியாகப் புறப்பட்ட கணவனோடு கப்பலேறி, 1812இல் மொறீசியஸ் தீவில் 19 வயதில் இறந்துபோனவர். அவருடைய கணவர் சாமுவேல் நியூவெல் தனியாக இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தைப் பார்த்து, மிஷனுக்கு ஏற்ற இடம் இதுவே என்று பொஸ்ரனுக்கு எழுதினார். அதன் விளைவாகவே 1816இல் டானியல் பூர், மெய்க்ஸ், றிச்சர்ட்ஸ், வாறன் ஆகியோர் வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலைகொண்டார்கள். ஒரு பெண் கரைசேராமல் இறந்ததனால் எங்கள் ஊருக்கு மிஷன் வந்தது என்று சொன்னால் அதில் மிகை குறைவு.

மணமாகாத பெண் மிஷனரியாகப் போவதற்கு அமெரிக்க மிஷன் சங்கம் அப்போது இடமளிக்கவில்லை. மனைவியாகப் போகலாம், பதிவேட்டில் ‘துணை மிஷனரி’ என்று எழுதப்படும். ஆகவே விருப்பமுள்ள பெண்ணுக்குத் திருமணமே கடவுச்சீட்டு. மைரன் வின்ஸ்லோ 1789இல் வெர்மொன்ற் மாநிலத்தில் பிறந்தவர். அன்டோவர் இறையியல் கல்லூரியில் படித்து, 1818 நவம்பரில் சேலம் நகரில் குருப்பட்டம் பெற்றவர். 1819 ஜனவரி 11ஆம் திகதி ஹரியற்றை மணந்தார். அதே ஆண்டு ஜூன் 8இல் ‘இண்டஸ்’ என்ற கப்பல் பொஸ்ரனிலிருந்து புறப்பட்டது.

இந்தக் கப்பலைப்பற்றி ஒரு பத்தி எழுதாமல் நகர முடியவில்லை. நான்கு இளம் தம்பதிகள் அதில் இருந்தார்கள்: வின்ஸ்லோ, ஸ்போல்டிங், வூட்வேட், ஸ்கடர். லீவை ஸ்போல்டிங்கும் மேரியும் பின்னாளில் உடுவிலில் நாற்பதாண்டு வாழ்ந்து முடிந்தவர்கள். மருத்துவர் ஜோன் ஸ்கடரின் பிள்ளைகளில் ஏழு ஆண்மக்கள் இந்தியாவில் மிஷனரிகளானார்கள். பேத்தி ஐடா ஸ்கடர் வேலூர் மருத்துவமனையைக் கட்டியவர். வேலூர் மருத்துவக் கல்லூரியும் வின்ஸ்லோ அகராதியும் உடுவில் மகளிர் கல்லூரியும் டலஸ் குடும்பமும் ஒரே கப்பலில் வந்த சரக்கு. ஒரு பாய்க்கப்பலுக்கு இது அதிகம்தான்.

கல்கத்தாவைத் தொட்டு இலங்கை வந்து, 1820இன் தொடக்கத்தில் யாழ்ப்பாணம் சேர்ந்தார்கள். அதே ஆண்டு நடுப்பகுதியில் வின்ஸ்லோ தம்பதி உடுவிலில் குடியேறினார்கள். போர்த்துக்கேயர் காலத்துக் கோயிலும் குருமார் வீடும் அங்கே பாழடைந்து கிடந்தன. ஒல்லாந்தர் கையாண்டு, ஆங்கிலேயர் கவனியாமல் விட்ட கட்டடங்கள். அவற்றைத் திருத்திக் கூரைபோட்டு வீடாக்கினார்கள். அந்த நேரத்திலேயே கதவு ஒன்று வெளியே சாத்தப்பட்டது. அமெரிக்கர் இனிப் புதிதாக வரக்கூடாது என்று எட்வேட் பாண்சின் அரசு தடைபோட்டது; அச்சுவேலைக்கு வந்த கரெற் என்பவரும் திருப்பியனுப்பப்பட்டார். தடை 1833வரை நீடித்தது. இருந்தவர்களை வெளியேற்றவில்லை, ஆனால் ஒருவர் இறந்தால் அவரிடத்துக்கு ஆள் வராது. 1821இல் பூரின் மனைவி சூசன் தெல்லிப்பழையில் இறந்தார். ஹரியற்றின் யாழ்ப்பாண வாழ்க்கை முழுவதும் இந்தத் தடைக்காலத்துள் அடங்கியது. இந்த விவரம் பின்னால் தேவைப்படும்.

பெண்களுக்கான விடுதிப் பாடசாலை 1824இல் உடுவிலில் தொடங்கியது. வெவ்வேறு மிஷன் நிலையங்களில் சிதறிப் படித்துக்கொண்டிருந்த சிறுமியரை ஒரே இடத்தில் சேர்த்து, ஹரியற்றின் பொறுப்பில் விட்டார்கள். ஆசியாவின் முதலாவது பெண்கள் விடுதிப் பாடசாலை என்று அதைச் சொல்வது வழக்கம். ‘முதலாவது’ என்ற பட்டத்துக்கு வழக்காடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை. அதைவிட, அந்தப் பிள்ளைகளின் தாய்மார் ஏன் சம்மதித்தார்கள் என்ற கேள்வியே பெரியது.

பாடசாலை வழக்கில் ஒரு கதை உண்டு. மழை கொட்டிய ஒரு மாலையில் இரண்டு சிறுமிகள் மிஷன் வீட்டு விறாந்தையில் ஒதுங்கினார்கள். மழை விடவில்லை. பசித்தது, மிஷன் வீட்டு அம்மா கொடுத்ததைச் சாப்பிட்டுப் படுத்துக்கொண்டார்கள். அந்நியர் வீட்டில் சாப்பிட்ட பிள்ளைகளை உறவினர் திரும்ப ஏற்கத் தயங்க, அவர்கள் அங்கேயே தங்கிப் படித்தார்கள். சொல்பவருக்குத் தக்கபடி விவரங்கள் மாறும். இந்தக் கதையில் ஒரு வசதி இருப்பதைக் கவனிக்க வேண்டும். மழையை யாரும் கூப்பிடுவதில்லை. பிள்ளைகள் தாங்களாக வந்தார்கள், தாய்மார் தாங்களாக விட்டார்கள், நடுவில் நின்ற அம்மா வாங்கவும் இல்லை, பறிக்கவும் இல்லை. நிறுவனங்கள் தம் பிறப்பைப்பற்றிச் சொல்லும் கதைகளில் இப்படி ஒரு மழை எப்போதும் பெய்யும்.

மழையில்லாத நாட்களில் நடந்தது பேரம். கிணற்றுத் தண்ணீர் யாருடையது, உலைவைப்பவர் எந்தச் சாதி, எங்கே உட்கார்ந்து உண்பது என்ற கேள்விகள் மிஷனின் ஆண்பிள்ளைகள் விடுதிகளில் ஏற்கெனவே எழுந்தவை. மிஷன் வளவில் உண்ண மறுத்த பிள்ளைகளுக்காக வேறு இடத்தில் அடுப்பு மூட்ட வேண்டியிருந்தது. பெண்பிள்ளை என்றதும் இவற்றோடு இன்னொரு கேள்வி சேர்ந்தது: படித்தவளை யார் கட்டுவான்? மிஷன் கடிதங்களில் திரும்பத்திரும்ப வரும் ஒரு கூற்று, கோயில் தாசிகளைத் தவிர யாழ்ப்பாணத்தில் எழுத்தறிந்த பெண்களே இல்லை என்பது. பணம் கேட்டு எழுதும் கடிதத்தில் இருளைக் கொஞ்சம் கூட்டிச் சொல்வது இயல்பு. அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் எழுத்து என்றால் தாசி என்ற அச்சம் குடும்பங்களில் இருந்தது உண்மை. தாய்மாரின் தயக்கத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவது தவறு. மகளின் கலியாணம் கெட்டால் அதன் விலையை அம்மா அன்று, பெற்றவள்தான் கொடுக்க வேண்டும்.

மிஷன் கண்ட விடை சீதனம். பாடசாலையில் ஒழுங்காக இருந்து படித்து, மிஷன் ஏற்கும் கிறிஸ்தவ மாப்பிள்ளையை மணக்கும் பெண்ணுக்கு மிஷனே ஒரு தொகை சீதனமாகக் கொடுக்கும். அதற்கு ஈடாக, பிள்ளையைப் பாதியில் அழைத்துப்போவதில்லை என்று பெற்றோர் உடன்பட வேண்டும். 1840களில் இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ற் உடுவிலைப் பார்த்துவிட்டு எழுதிய நூலில் இந்த ஏற்பாட்டையும் பதிந்திருக்கிறார். பின்னாளில் இதைக் கைவிட்டார்கள். மதம் மாறக் கொடுக்கும் கைக்கூலி என்ற குற்றச்சாட்டு மிஷனுக்குள்ளேயே எழுந்தது.

கைக்கூலி என்பதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் ஹரியற்றும் அவர் தோழர்களும் எந்த நிலத்தில் கால்வைத்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்துத் தேசவழமை 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸினால் எழுத்தில் தொகுக்கப்பட்டது. 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்டவலு கொடுத்தார்கள். அது சொத்தை மூன்றாகப் பிரிக்கிறது. தந்தைவழி வருவது முதுசம். பெண் கொண்டுவருவது சீதனம். கலியாணத்தின் பின் இருவரும் ஈட்டுவது தேடியதேட்டம். சீதனம் தாயிடமிருந்து மகளுக்கு இறங்குவது. பிள்ளையில்லாமல் இறந்தவளின் சீதனம் அவள் பிறந்த பக்கத்துக்குத் திரும்பிவிடும். கணவன் சம்மதமில்லாமல் அவள் காணியை விற்க முடியாது என்ற பூட்டு இருந்தது. ஆனாலும் காணி அவள் பெயரில் நின்றது.

ஹரியற்றின் நிலை என்ன? இங்கிலாந்தின் பொதுச்சட்டத்தைப் பின்பற்றிய கனெற்றிக்கட்டில், மணமான பெண்ணின் அசையும் சொத்து கணவனுடையது. அசையாச் சொத்தின் ஆட்சியும் வருமானமும் அவன் கையில். சட்டத்தின் கண்ணில் மனைவி கணவனின் நிழலுக்குள் மறைந்தவள். இந்தச் சட்டத்தின் வேர் நோர்மன் பிரபுக்கள் இங்கிலாந்தை ஆண்ட காலத்துக்குப் போகிறது. கனெற்றிக்கட் இந்த நிலையை முழுமையாக மாற்றியது 1877இல். ஆக, 1824இல் உடுவில் விறாந்தையில் எதிரெதிரே நின்ற இரண்டு பெண்களில், எழுத்துத் தெரிந்தவளுக்குத் தனிச்சொத்து இல்லை. சொத்துள்ளவளுக்கு எழுத்துத் தெரியாது. யார் யாருக்கு விடுதலை கொண்டுவந்தார் என்று ஒரே வரியில் எழுதிவிடும் கட்டுரைகளைப் படிக்கும்போது இந்தக் காட்சியை நினைத்துக்கொள்வேன்.

மிஷன் சீதனம் கொடுத்தபோது, அது தாயின் இடத்தில் தன்னை நிறுத்திக்கொண்டது. மகளுக்குச் சீதனம் கொடுப்பவர் தாய். மாப்பிள்ளை பார்ப்பவர் பெற்றோர். இரண்டையும் பாடசாலை எடுத்துக்கொண்டது. இது தற்செயல் அன்று. வட்டுக்கோட்டையில் 1823இல் தொடங்கிய செமினரியில் படிக்கும் இளைஞருக்குப் படித்த கிறிஸ்தவ மனைவி வேண்டும். இல்லாவிட்டால் கலியாணமானதும் அவர்கள் சைவ வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள் என்பதை மிஷன் அனுபவத்தில் கண்டிருந்தது. உடுவில் அதற்கான மறுபாதி. பெண்கல்வி இங்கே பெண்ணுக்காக மட்டும் பிறக்கவில்லை.

இனி மற்றப் பிள்ளைகள். ஹரியற்றுக்கு உடுவிலில் குழந்தைகள் பிறந்தன. சிலவற்றை அங்கேயே புதைத்தார். மூத்தவன் சார்ல்ஸ் லாத்ரொப் வின்ஸ்லோ, 1821 ஜனவரியில் பிறந்தவன். தாய்வழிப் பாட்டனின் பெயர். வேலைக்காரரோடும் பாடசாலைப் பிள்ளைகளோடும் வளர்ந்த பையனுக்குத் தமிழ் தானாக வந்திருக்கும். மிஷனரிமாரை அஞ்சவைத்ததும் அதுதான். வெப்பமும் காய்ச்சலும் ஒரு காரணம். ஊர்ப்பழக்கம் தொற்றிவிடும் என்ற பயம் அதைவிடப் பெரிய காரணம். ஊர்ப்பிள்ளைகளை அவர்களுடைய வீட்டிலிருந்து பிரித்தால்தான் திருந்துவார்கள் என்று விடுதி கட்டியவர்கள், தங்கள் பிள்ளைகளை ஊரிலிருந்து பிரித்தால்தான் கெடாமல் இருப்பார்கள் என்று கப்பலேற்றினார்கள். கணக்கு ஒன்றுதான், திசைதான் வேறு.

சார்ல்ஸ் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டான். 1832 மே மாதம் நியூயோர்க்கில் இறந்தான். வயது 11. கடிதங்கள் கடல்கடக்கப் பல மாதமெடுத்த காலம். இறந்தவனை உயிரோடிருப்பவனாக நினைத்துத் தாய் மாதக்கணக்கில் செபித்திருப்பாள். மகனைப்பற்றி ஒரு சிறு பக்திநூல் பின்னர் அச்சாகி அமெரிக்க ஞாயிறு பாடசாலைகளில் வாசிக்கப்பட்டது. நல்ல பிள்ளை, நல்ல மரணம் என்ற வார்ப்பில் எழுதப்பட்டது. விறாந்தையில் தமிழ் பேசித்திரிந்த பையன் அந்த வார்ப்புக்குள் அடங்கமாட்டான்.

மகன் இறந்து எட்டு மாதத்தில், 1833 ஜனவரி 14ஆம் திகதி, ஹரியற் உடுவிலில் இறந்தார். வயது 36. அவர் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தது ஏறக்குறையப் பதின்மூன்று ஆண்டு. பாடசாலையை நடத்தியது ஒன்பது ஆண்டு.

அந்த ஆண்டிலேயே தடை நீங்கியது. ஒக்ரோபரில் புதிய மிஷனரிக் கூட்டம் ஒன்று யாழ்ப்பாணம் வந்து இறங்கியது. அதில் சாமுவேல் ஹட்சிங்சின் மனைவி எலிசபெத் இருந்தார். ஹரியற்றின் சொந்தத் தங்கை. ஒன்பது மாதத்தால் அக்காவைத் தவறவிட்டார். எலிசபெத்தோடும் முடியவில்லை. இன்னொரு தங்கை பெரி என்பவரை மணந்து 1835இல் வந்தார்; மூன்றாவது தங்கை ஹென்றி செரியை மணந்து 1837இல் வந்தார். நோர்விச்சின் ஒரே வீட்டிலிருந்து நான்கு சகோதரிகள் யாழ்ப்பாணத்துக்கு! மிஷன் சங்கம் பொஸ்ரனில் கூடித் தீர்மானம் நிறைவேற்றியது உண்மையே. ஆனால் இந்த நால்வரையும் கொண்டுவந்தது தீர்மானம் அன்று. அக்கா ஊருக்கு எழுதிய கடிதங்கள். வீட்டுக்கூடத்தில் வாசித்து வளர்ந்த தங்கைகளுக்கு உடுவில் ஏற்கெனவே தெரிந்த இடம். நம்மவரில் ஒருவர் லண்டனுக்கோ கனடாவுக்கோ போனால் பின்னால் உடன்பிறந்தவர்கள் ஒவ்வொருவராகப் போவதை அறிந்தவர்களுக்கு இதில் புதுமை இல்லை.

1837 கொடிய ஆண்டு. மார்ச்சில் பெரியும் மனைவியும் சில நாள் இடைவெளியில் கொலராவுக்குப் பலியானார்கள். நவம்பரில் திருமதி செரி இறந்தார். யாழ்ப்பாணம் வந்து ஓராண்டு முடியவில்லை. நால்வரில் மூவர் இந்த மண்ணில் புதைந்தபின் எஞ்சியவர் எலிசபெத். ஹட்சிங்ஸ் அகராதிப் பணியில் சிலகாலம் உழைத்துவிட்டு 1840களில் மனைவியோடு நாடு திரும்பினார்.

மைரன் வின்ஸ்லோ தாயிழந்த பெண்குழந்தைகளை அழைத்துக்கொண்டு 1833இலேயே அமெரிக்கா போனார். 1835இல் நியூயோர்க்கில் ஹரியற்றின் வாழ்க்கை வரலாறு வெளிவந்தது. கணவர் தொகுத்தது, மிஷனின் வரலாறும் கலந்தது. நாட்குறிப்பும் கடிதங்களும் அதில் நிறைய உண்டு. ஹரியற்றைப்பற்றி நாம் பேசும் பெரும்பாலானவை அந்த ஒரு நூலிலிருந்து வருபவை என்பதால் அதன் இயல்பைச் சொல்ல வேண்டும். ஹரியற் நியூவெல் வாழ்க்கையோடு தொடங்கிய ஒரு நூல்வகையைச் சேர்ந்தது இது. இளமையில் பாவ உணர்வு, மனமாற்றம், பிரிவு, சோதனை, சமாதானமான மரணம். ஒருத்தி எழுதிய ஆயிரம் பக்கத்திலிருந்து இந்த வரிசைக்குப் பொருந்துவதைத் தேர்ந்தவர் கணவர். சமையற்காரனோடு சண்டை, தமிழ் படிக்கும் எரிச்சல், பிள்ளையைக் கப்பலேற்றிவிட்டுக் கணவரோடு பேசாமலிருந்த நாட்கள் – இப்படி எதுவும் இருந்திருந்தாலும் அந்த வார்ப்பில் நிற்காது. நூல் பொய் சொல்கிறது என்பதன்று. அது துக்கத்தில் இருந்த ஒருவரின் தெரிவு, அவ்வளவே.

அதே 1835இல் மைரன் மீண்டும் மணந்தார். அந்த மனைவியும் 1837இல் இறந்தார். மொத்தம் ஐந்து திருமணங்கள். நான்கு மனைவியரை இழந்தவர். 1836இல் ஸ்கடரோடு சென்னைக்குப் போய் அங்கே மிஷன் தொடங்கினார். நல்லூரில் ஜோசப் நைற் தொடங்கி யாழ்ப்பாணத்தில் பலர் கைபட்டு வந்த அகராதி வேலை இறுதியில் அவரிடம் சேர்ந்தது. 67,000க்கு மேற்பட்ட சொற்களோடு தமிழ்-ஆங்கில அகராதி 1862இல் சென்னையில் வெளிவந்தது. உழைப்பின் பெரும்பங்கு தமிழ்ப் புலவர்களுடையது. முகவுரையில் இராமானுஜ கவிராயர், விசாகப்பெருமாளையர் முதலியோரை அவரே பெயர்சொல்லி நினைவுகூர்கிறார். 1864இல் நாடு திரும்பும் வழியில் கேப் ரவுணில் இறந்தார்.

மகள் ஹரியற் அமெரிக்காவில் வளர்ந்து, ஜோன் வெல்ஷ் டலஸ் என்ற போதகரை மணந்து, கணவனோடு 1848இல் சென்னைக்கு மிஷனரியாகத் திரும்பினாள். தந்தையின் ஊர் அப்போது அது. உடல்நலம் இடங்கொடாமல் சில ஆண்டில் திரும்பிப் போனார்கள். 1854இல் பிறந்த மகன் அலன் மேசி டலஸ் ஓபர்ன் இறையியல் கல்லூரிப் பேராசிரியர். இராஜாங்கச் செயலாளராக இருந்த ஜோன் வொற்சன் பொஸ்ரரின் மகளை மணந்தவர். அங்கிருந்து அரசியல். 1952இல் இலங்கை சீனாவோடு அரிசி-இறப்பர் ஒப்பந்தம் செய்ததும், பகைவர் நாட்டுக்கு மூலப்பொருள் விற்றதென்று அமெரிக்க உதவி மறுக்கப்பட்டது. 1956வரை அந்த மறுப்பு நின்றது. அதில் பெரும்பகுதி டலஸின் காலம். உடுவிலில் பிறந்த ஒருத்தியின் பேரன் என்பதால் இலங்கைக்கு ஒரு சலுகையும் கிடைக்கவில்லை. கிடைத்திருக்க வேண்டும் என்றும் இல்லை.

இது ஒரு குடிவழி. மற்றது உடுவிலிலேயே இறங்கியது.

ஹரியற்றின் பின் பாடசாலை ஸ்போல்டிங் தம்பதியிடம் போனது. 1840இல் எலைசா அக்னியூ என்ற மணமாகாத பெண் வந்தார். ஹரியற்றின் காலத்தில் அடைத்திருந்த வழி அதற்குள் திறந்திருந்தது. ஏறக்குறைய நாற்பதாண்டு, 1879வரை, பாடசாலையை நடத்தினார். ஒருமுறைகூட ஊருக்குப் போகவில்லை. முதலில் தாய்மாரைப் படிப்பித்து, பின் அவர்களுடைய மகள்மாரையும் சில வீடுகளில் பேத்திமாரையும் படிப்பித்தார். ஆயிரம் பெண்மக்களின் தாய் என்று அவரை அழைத்தார்கள். 1883இல் மானிப்பாயில் இறந்தார். பெற்ற பிள்ளைகளைப் பிரிந்த ஹரியற்றின் இடத்தில் பெறாத ஒருத்தி வந்து வேரூன்றியது பாடசாலைக்கு நன்மையாகவே முடிந்தது. ஒரே உள்ளத்தில் இரண்டு வீடு இருக்கவில்லை.

உடுவிலில் படித்தவர்கள் வட்டுக்கோட்டையில் படித்தவர்களை மணந்தார்கள். அவர்களின் பிள்ளைகள் ஆசிரியர், மருத்துவர், போதகர், பத்திரிகையாளர், மலாயாவுக்குப் போன எழுதுவினைஞர். யாழ்ப்பாணத்துப் புரட்டஸ்தாந்து குடும்பங்களில் உடுவில் தாய்வழி இல்லாதவற்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கிறிஸ்தவர் எல்லைக்கு அப்பாலும் அதன் தாக்கம் போனது. உடுவிலுக்குப் பக்கத்தில் மருதனார்மடத்தில் பொன்னம்பலம் இராமநாதன் சைவப் பெண்பிள்ளைகளுக்கு விடுதியோடு கல்லூரி கட்டியது 1913இல். நம் பெண்களை உடுவிலுக்கு அனுப்பாமல் படிப்பிக்க வேண்டும் என்ற எண்ணமும் உடுவிலின் வழித்தோன்றல்தானே.

ஆனால் டலஸ் குடும்பத்தைப்போல இந்தக் குடிவழியைப் பெயர்பெயராகக் கோத்தெடுக்க முனைவோர் முதற்படியிலேயே தடுக்கி விழுவார்கள். காரணம் பெயர்கள். மிஷன் விடுதிப் பிள்ளைகளின் செலவை அமெரிக்காவில் ஒரு சபையோ ஒரு தனியாளோ ஏற்றுக்கொண்டால், அவர்கள் விரும்பிய பெயர் பிள்ளைக்குச் சூட்டப்பட்டது. பெரும்பாலும் கொடையாளியின் பெயர், அல்லது இறந்துபோன உறவினரின் பெயர். 1841இல் ‘உதயதாரகை’ பத்திரிகை தொடங்கியபோது ஆசிரியர்களாக இருந்த இருவர் ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும். இருவரும் தமிழர். சதாசிவம்பிள்ளை ஆர்னோல்ட் ஆனார். விசுவநாதபிள்ளை கறோல் ஆனார். ஆண்கள் எழுதினார்கள், வாதிட்டார்கள், அதனால் இரண்டு பெயரும் நமக்குத் தெரிகின்றன. பெண்களுக்கு அந்த வாய்ப்பு அரிது. விடுதியில் ஏதோ ஓர் அமெரிக்கச் சீமாட்டியின் பெயர். கலியாணத்தின் பின் கணவன் பெயர், அதுவும் இன்னொரு அமெரிக்கருடையது. திருமணப் பதிவைப் பார்த்தால் கனெற்றிக்கட்டில் நடந்த கலியாணம்போல் இருக்கும். மணமகளின் தாய் யார், எந்த வளவைச் சேர்ந்தவள் என்பது அந்த ஏட்டின் அக்கறை அன்று.

அதனால் மிஷன் ஏட்டை விட்டுக் காணி உறுதிகளுக்குப் போவதே நல்ல வழி என்று தோன்றுகிறது. யாழ்ப்பாணத்தில் ஒரு சீதன உறுதி, இந்தத் துண்டு இன்னாருக்கு இன்னாரிடமிருந்து இன்ன உரித்தால் வந்தது, வடக்கெல்லை யார், கிழக்கெல்லை யார் என்று சொல்லாமல் நகராது. தாயிடமிருந்து மகளுக்கு இறங்கும் சொத்து ஆதலால் தாயின் பெயரையும் விடாது. மிஷன் கொடுத்த தொகைக்கு மேல் தாய் தன் பங்குக்கு இரண்டு பரப்புத் தோட்டக்காணியும் கிணற்றுப் பங்கும் எழுதியிருந்தால், பாடசாலைப் பெயருக்குக் கீழே தொலைந்த வீட்டுப்பெயர் அங்கே அகப்படும். உடுவில், மானிப்பாய், சண்டிலிப்பாய், தெல்லிப்பழை ஊர்களின் பழைய நொத்தாரிசு ஏடுகளில் எஞ்சியிருப்பவற்றை, 1820களிலிருந்து 1850கள்வரையான சபைப் பதிவுகளோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட ஓர் இளைய ஆய்வாளர் போதும். பழைய நொத்தாரிசுத் தமிழை வாசிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.